வாதில் வெல்லலும் வாயடைத்தலும்

மக்களை விலங்கினத்தினின்றும் வேறுபடுத்துவது சொல். அச்சொல்லைக் கொண்டு மக்கள் உண்மையை ஆராய்கின்றனர், வாணிகம் நடாத்துகின்றனர், இறைவனை வழுத்துகின்றனர், அதனையே கொண்டு விளையாடவுஞ் செய்கின்றனர். மல்லர் இருவர் தோள்கொண்டு பொருதல் போல, நாவன்மையுடையார் இருவர் நாக்கொண்டு பொருதலும், சூழ நின்றோர் அதனைக் கண்டு மகிழ்தலும் எந்நாட்டிலும் உள்ளன. நம் மன்னார்க் கரையில் இதற்குக் குறைவில்லை. கரைவலை இழுத்துக் களைத்த மச்சான்மார் இருவர் மாலையில் மணலிலிருந்து ஒருவரையொருவர் பகிடி பண்ணுவதைக் கேளாதார் இங்கு யார்? முற்றத்திலே சிறுமியர் நொடி போட்டு ஒருத்தியை ஒருத்தி மடக்குகின்றனர். கோயிற் றிருவிழாக்களிலே பட்டிமண்டபம் நிகழ்கின்றது. பாடசாலைகளிலே தமிழ்மொழித் தினத்தையொட்டி விவாதப் போட்டி நிகழ்கின்றது. அப்போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்பவர் ஆசிரியராகிய நாமே.

ஆதலால், ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்குள்ளே கேட்டு விடைகாண வேண்டிய வினா ஒன்று உண்டு. சொல்லாற் பிறனை வெல்லுதல் அறமாகுமா? அறமாகுமெனின், எவ்வெல்லை வரையில் அறமாகும்? இவ்வினாவை யான் நூலாராய்ச்சியின் பொருட்டு எழுப்பினேனல்லேன். என் வகுப்பறையில் நிகழ்ந்ததொன்று பல்லாண்டாக என்னை இவ்வினாவினின்றும் விடாது பிடித்து நிற்கின்றது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சொற்போர் முழுவதும் தீது என்பார் சிலர். அவர் கூற்று நம் மரபுக்கு ஒத்ததன்று. திருவள்ளுவனார் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவாறே, சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தனர். கௌதம முனிவர் தம் நியாய சூத்திரத்திலே ஆராய்ச்சிக்குரியனவாக எண்ணிய பதினாறு பதார்த்தங்களுள் வாதம், ஜல்பம், விதண்டை என்னும் மூன்றும் அடங்கும். உண்மையை அறியும் வேட்கையால் இருவர் கூடி ஆராய்தல் வாதம். வெற்றி ஒன்றனையே கருதித் தன் கட்சியை நாட்டிப் பொருதல் ஜல்பம். தனக்கென ஒரு கட்சியுமின்றிப் பிறன் கட்சியை அழித்தல் மாத்திரையே செய்வது விதண்டை. இவற்றுட் பின்னிரண்டையும் அம்முனிவர் முற்றாக விலக்கினாரல்லர். இளமுளையைக் காக்க முட்கிளைகளால் வேலி அடைப்பது போல, துணிந்த உண்மையைக் காக்க அவை உதவும் என்பது அவர் கருத்து. மந்தையாடு திரியும் நம் மாதோட்ட நிலத்தில் முள்வேலியின் பயனை எவரும் அறிவர். ஆயின் வேலி பயிருக்காக உள்ளது. பயிர் வேலிக்காக உள்ளதன்று. முள்ளை மாத்திரம் நட்டுவிட்டுப் பயிரை மறந்தவன் உழவனாகான்.

இனி, உண்மையாராய்ச்சியும் இன்றி, கட்சி காத்தலும் இன்றி, விளையாட்டாகவே நிகழும் சொற்போர் ஒன்று உளது. அதனை இழிவென்று தள்ளல் எளிது. ஆயினும் அதனுள்ளே ஓர் ஒழுங்கு மறைந்து கிடக்கின்றது. மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகியம்மன் பொருட்டு நிகழும் கொம்பு விளையாட்டை நோக்குக. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகள் இரண்டனைக் கோத்து இழுப்பர். கொம்பு முறிந்த சேரியாரை மற்றைச் சேரியார் வசைபாடி எள்ளுவர். ஒரு குடும்பத்திலேயே தந்தை ஒரு சேரியும் மகளைக் கொண்டவன் மறு சேரியுமாக நிற்றல் கூடும். அவ்வசைக்கு எவரும் பகை கொள்வதில்லை. விளையாட்டு முடிந்தவிடத்து வசையும் முடிந்து விடும்.

பள்ளுப் பிரபந்தங்களும் இவ்வொழுங்கினையே காட்டுவன. முக்கூடற்பள்ளிலே மூத்தபள்ளி வைணவச் சார்பினள். இளையபள்ளி சைவச் சார்பினள். இருவரும் ஏசிக்கொள்ளும்போது ஒருத்தி சிவபிரானையும் மற்றவள் திருமாலையும் எள்ளி நகையாடுகின்றனர். பின்னர் இருவரும் சமாதானமாகின்றனர். நம் ஈழத்தில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பறாளை விநாயகர் மீது பள்ளுப் பாடினார். கத்தோலிக்க சமயத்தாரும் ஞானப்பள்ளு என ஒன்று கொண்டனர். ஏசல் பகுதியின் நுட்பம் யாதெனின், இருதிறத்து வசையையும் ஒரு புலவரே பாடுகின்றார் என்பதாம். ஒருத்திக்குக் கூரிய சொல்லும் மற்றவளுக்கு மழுங்கிய சொல்லும் கொடுத்தாராயின் பாட்டுச் சுவை கெடும். ஆகவே தம் சமயத்தை எள்ளும் வாய்க்கும் அவர் நல்ல சொல்லையே தேடிக் கொடுத்தல் வேண்டியதாயிற்று.

பிறநாட்டார் வழக்கும் இதற்குச் சான்றாகும். கிறீன்லாந்திலே வாழும் இனுயிற் மக்கள் தமக்குள் மனத்தாங்கல் உண்டாயவிடத்து, இருவரும் ஊரார் முன்னிலையிற் பறையறைந்து மாறிமாறி வசைபாடித் தீர்க்கும் வழக்கம் உடையராயிருந்தனர். அவையின் நகைப்பே அங்குத் தீர்ப்பாயிற்று. அமெரிக்க மொழிநூலறிஞராகிய வில்லியம் லபோவ் என்பார் நியூயோர்க் நகரத்து ஹார்லெம் பகுதியிலே கறுப்பினச் சிறுவர் ஆடும் வசைவிளையாட்டை ஆராய்ந்து 1972-இல் எழுதியுள்ளார். அவர் கண்ட விதி நாம் உள்ளத்திற் பதிக்கத்தக்கது. விளையாட்டில் எறியப்படும் வசை பொய்யென்பது கேட்போர் யாவர்க்கும் வெளிப்படையாதல் வேண்டும். அது பொய்யாயின், கேட்ட சிறுவன் அதனிலும் பெரியதொரு வசையைத் திருப்பி எறிவான், அவை நகைக்கும். அது மெய்யாகி விட்டதேல், அவன் வசையைத் திருப்பி எறியாது, அப்படியன்று என்று மறுக்கத் தொடங்குவான். மறுக்கத் தொடங்கியபோதே விளையாட்டு இறந்தது, சண்டை பிறந்தது. கரையிலிருக்கும் நம் மச்சான்மார் இவ்விதியை ஏடு படியாமலே அறிவர். படகு வாங்கியவனை நோக்கி, உன் படகு கரையிலேயே அமிழும் என்பர். படகைக் கடலுக்குப் பறிகொடுத்தவனிடத்து அச்சொல்லை எடார்.

நம்பாத கட்சியை எடுத்துப் பேசுதல் பொய்யாகாதோ என ஆசிரியர் சிலர் ஐயுறுவர். பட்டிமண்டபத்திலும் விவாதத்திலும் பிள்ளை தன் மனத்துக்கு ஒவ்வாத பக்கத்தைப் பேசும்படி நேர்கின்றதே என்பது அவர் கவலை. இதற்கு விடையை யான் கற்றது ஒரு கூத்துக் களரியில். இளமையில் யான் பயின்றது கத்தோலிக்கக் குருமார் நிறுவிய பாடசாலையிலே. உடன் பயின்ற நண்பர் அழைக்க அவர் ஊர்களுக்குச் சென்று, மாதோட்டப் பாங்கிலே அண்ணாவிமார் பழக்கிய கூத்துக்களை விடிய விடியக் கண்டதுண்டு. அவற்றிலே தர்க்கம் என்றோர் உறுப்பு வரும். வேதசாட்சியாகிய புனிதரும், அவரைக் கொல்லத் துணிந்த அரசனும் எதிரெதிர் நின்று பாட்டினாலே பொருவர். ஒருமுறை கொடிய அரசனாக ஆடியவர் அவ்வூரிலே பக்தியிற் சிறந்தவரெனப் பெயர் பெற்ற மீனவர். தாம் வணங்கும் தெய்வத்தை நிந்திக்கும் பாட்டை அவர் குரல் தாழ்த்திப் பாடினாரல்லர். அவை நடுங்கப் பாடினார். மறுநாட் காலை அவரும் புனிதராக ஆடியவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போயினர். பொய் என்பது பிறரை ஏமாற்றும் கருத்தோடு கூறப்படுவது. களரியிலும் அவையிலும் இது இன்னார் கட்சி என்று யாவரும் அறிய நிற்றலின் ஏமாற்றம் இல்லை.

நம் சாத்திரமும் இதற்கு உடன்படுகின்றது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே சுபக்கத்தின் முன்னர்ப் பரபக்கத்தை வைத்தார். உலகாயதர் முதலியோர் கொள்கைகளை முதலில் அவரவர் கூறுமாறே எடுத்துரைத்துப் பின்னர் மறுத்தார். உமாபதி சிவாசாரியர் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணமும் பிறர் மதங்களைக் கூறி மறுக்கும் நூலே. மேலும், நியாய சூத்திரம் கூறும் தோல்வித்தானம் இருபத்திரண்டனுள், எதிரி மும்முறை கூறியதனைத் திருப்பிக் கூறமாட்டாமையும் ஒன்று. எதிரியின் சொல்லை உள்ளவாறு வாங்கத் தெரியாதவன், விடை கூறப் புகுமுன்னரே தோற்றவனாகின்றான்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் கரை இதனை மறந்தமையாற் பெருந்துயர் கண்ட கரை. 1544-இல் யாழ்ப்பாணத்து அரசனாகிய சங்கிலியின் ஆணையால் மன்னாரிற் புதிதாகக் கிறித்துவரானோர் வாளுக்கு இரையாயினர். 1560-இற் பறங்கியர் மன்னாரைக் கைப்பற்றினர். ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அவர் கையால் அழிவுற்றது. முன்னையதை மறந்து பின்னையதை மாத்திரம் நினைத்தல் சைவநீதியாகாது. பின்னையதை மறந்து முன்னையதை மாத்திரம் நினைத்தலும் பிறர்க்கு நீதியாகாது. இருவேறு சமயத்தார் ஒருவரோடொருவர் சொல்லாடும் அவை அன்று இங்கு இருந்ததில்லை; அவ்விடத்தை வாள் எடுத்துக்கொண்டது.

அதன்பின் முந்நூறு ஆண்டு கழிந்து ஆறுமுக நாவலர் தோன்றினார். அவர் பேர்சிவல் பாதிரியாரிடத்துக் கற்றும், அவர் பாடசாலையிற் கற்பித்தும், விவிலிய மொழிபெயர்ப்பிற் றுணைபுரிந்தும் எதிர்ப்பக்கத்தார் நூலை அவரினும் நன்கு அறிந்தார். 1854-இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தின் வன்மை இவ்வறிவினின்றே பிறந்தது. சைவர் செயல்களுட் பழிக்கப்பட்டவற்றுக்கு ஒப்பானவை விவிலியத்திலும் உள என்பதை அந்நூலைக் கொண்டே காட்டினார். வாளெடுத்த கரைக்கு இது பெரியதோர் ஏற்றமன்றோ? 1872-இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பத்திரிகையில் அவர் திருக்கேதீச்சரத்தை நினைப்பூட்டி எழுதியதும் இக்கரையார் மறக்கற்பாலதன்று.

ஆயினும், சொற்போர் உண்மையை விட்டு ஆளைப் பற்றுமாயின் பெரியோரையும் அது எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கும் அவர் காலமே சான்று. நாவலருக்கும் இராமலிங்க சுவாமிகளுக்கும் இடையில் அருட்பாவைப் பற்றி எழுந்த வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையிற் சென்றது. இருவரும் நமக்குப் பெரியோர். இருவரும் சிவனடியையே சிந்தித்தவர். அவ்விருவரும் மறைந்த பின்னரும் கட்சிக்காரர் கண்டனமும் மறுப்புமாக இருபதாம் நூற்றாண்டிலும் எழுதிக்கொண்டே இருந்தனர். 2019-ஆம் ஆண்டு மகாசிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீச்சர வீதியின் முகப்பிலே வளைவு பற்றிப் பிணக்கு எழுந்து, வளைவு வீழ்த்தப்பட்டபோது, எத்துணை வசைமொழிகள் கைத்தொலைபேசி வாயிலாகப் பறந்தன! எதிர்ப்பக்கத்தார் மனக்குறை இன்னதென்று அவர் ஒப்புமாறு எடுத்துக் கூறவல்லார் இருபக்கத்தும் எத்தனை பேர் இருந்தனர்? அவர்களெல்லாம் ஒரு காலத்தில் நம் போன்ற ஆசிரியரிடத்து விவாதம் பயின்ற பிள்ளைகளே.

இனி, முன்னர்க் கூறுவேனென்ற செய்தியைக் கூறுகின்றேன். 2009-இல் யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்தோர் மீள வந்து குடியேறிய காலம். யான் ஒரு பாடசாலையிலே விவாதப் பயிற்சி நடாத்தினேன். ஊர் வாழ்க்கை சிறந்ததா, நகர வாழ்க்கை சிறந்ததா என்பது பொருள். ஊர் வாழ்க்கையின் பக்கம் பேசிய பிள்ளை, சொந்த வீட்டில் வாழும் அமைதியைப் பற்றி அழகாகப் பேசினான். எதிர்ப்பக்கத்தான் மிகுந்த நாவன்மை படைத்தவன்; யான் பெரிதும் பாராட்டி வளர்த்தவன். அவன் எழுந்து, தகரத்துக்குக் கீழே கிடப்பவர் வீட்டின் அருமையை எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டார் என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சமயோசிதமான விடை என்று அதற்குப் புள்ளியும் இட்டேன்.

முன்னையவன் தந்தையை யுத்தத்திற் காணாமற் போக்கியவன். தாயோடு தகரக் கொட்டகையில் வாழ்ந்தவன். அதனை வகுப்பார் யாவரும் அறிவர், யானும் அறிவேன். அவன் மறுமொழி கூறாது இருந்தான். வென்றவன் இன்னானென யான் தீர்ப்புக் கூறினேன். அதன்பின் அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. சில திங்களிற் படிப்பை விட்டுக் கடற்றொழிலுக்குப் போனான்.

பல்லாண்டு கழித்துப் பள்ளிமுனைக் கரையில் அவனைக் கண்டேன். அன்போடு அருகில் வந்து நலம் உசாவினான். யான் அந்நாளை நினைப்பூட்டி, தம்பி, அன்றைக்கு நான் செய்தது பிழை என்றேன். அவன் சற்று நேரம் வலையை நோக்கியிருந்து, "சேர், அன்றைக்கு எனக்கு மறுமொழி தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசாமல் இருந்தேன்" என்றான்.

நியாய நூலார் விடை தோன்றாமையையும் ஒரு தோல்வித்தானமாக எண்ணினர். விடை தோன்றியும் கூறமாட்டாது நின்றவன் தோற்றவனாவானா? அவன் கூறிய பொருளை எவரும் மறுத்தாரில்லை. அவன் வறுமையை எடுத்து அவன் முகத்தில் எறிந்தோம். எறிந்த சொல் மெய்யாயிருந்தது. ஆதலின் அது விளையாட்டுமன்று. பொருளை விட்டு ஆளைப் பற்றிற்று. ஆதலின் அது வாதமுமன்று. வாதும் விளையாட்டுமல்லாத ஒன்றுக்கு வெற்றியென்று பெயரிட்டவன் யான். அன்று நாவன்மை மிக்க மாணாக்கன் செய்த பிழை சிறிது. நடுவனாயிருந்து நகைத்தவன் செய்த பிழை பெரிது.

இதனை எண்ணுந்தோறும் மாணிக்கவாசக சுவாமிகள் தில்லையில் வாது செய்த வரலாறே என் நெஞ்சில் எழுகின்றது. அவ்வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குக் கூறும்போது, புத்தர் நா அடங்கிய பகுதியையே பெரிதாகக் கூறுகின்றோம். திருவாதவூரடிகள் புராணம் அவ்விடத்தோடு முடிந்து விடவில்லை. ஈழத்து அரசன் பிறவியிலேயே ஊமையாகிய தன் மகளை அவைக்குக் கொணர்கின்றான். சுவாமிகள் எதிர்ப்பக்கத்தார் வினாக்களை அப்பெண்ணிடத்துக் கேட்ப, அவள் வாய் திறந்து விடை கூறுகின்றாள். அவ்வினாவிடைகளே திருவாசகத்திலே திருச்சாழலாக அமைந்தன என்பது நம் மரபு. சாழல் என்பது மகளிர் இருவர் வினாவும் விடையுமாக ஆடும் சொல்விளையாட்டு. வைணவருள் திருமங்கையாழ்வாரும் அவ்வமைப்பிற் பாடியுள்ளார். ஆகவே நம் வேதமாகிய திருவாசகத்தினுள்ளே சொற்போர் விளையாட்டுக்கு ஓர் இடம் உண்டு. அவ்வாதின் நிறைவு யாது? பேசமாட்டாத பெண் பேசினாள். ஈற்றில், நா இழந்த எதிர்ப்பக்கத்தாரும் சுவாமிகள் அருளால் நாப் பெற்றனர். வாது முடிந்தபோது அவ்வவையில் ஊமையாக இருந்தவர் ஒருவருமில்லை.

இதுவே அளவுகோல் என்பது என் துணிபு. சொற்போர் ஒன்று அறமுடையதா என்று காண்பதற்கு, வென்றவன் யார் என்று கேளாதொழிக. அது முடிந்தபோது வாய் திறந்தவர் எத்தனை பேர், வாய் அடைந்தவர் எத்தனை பேர் என்று கேட்க. தில்லையில் ஊமைப்பெண் பேசினாள். என் வகுப்பிலே பேசிய பிள்ளை ஊமையானான்.

அற்றேல், தீயதோர் கொள்கையைப் பேசுபவன் வாயை அடைக்கலாகாதோ எனின், கொள்கையை அடைக்கலாம். அதற்கே முள்வேலி வேண்டுமென்றனர். ஆயின் அவன் வேறொன்று பேசுதற்கு வாய் திறந்தே இருத்தல் வேண்டும். மனந்தெளிந்தவன் தன் தெளிவைத் தன் வாயினாலேயே கூறல் வேண்டுமன்றோ? வாயடைக்கப் பெற்றவன் தெளிந்தவன் அல்லன், காலம் பார்த்திருப்பவன்.

ஆசிரியப் பெருமக்களே, என் பிழையினின்றும் யான் கைக்கொண்ட வழக்கங்கள் மூன்றனை உங்கள்முன் வைக்கின்றேன். முதலாவது, என் வகுப்பிலே எதிரி கூறியதனை அவன் ஆம் என்று ஒப்புமாறு திருப்பிக் கூறிய பின்னரே ஒரு பிள்ளை மறுக்கலாம். இரண்டாவது, விவாதத்தின் நடுவிலே இருபக்கத்தாரும் கட்சி மாறிப் பேசல் வேண்டும். பள்ளுப் பாடிய புலவர் இருவர்க்கும் நல்ல சொல் தேடியவாறு, அவர் தம் எதிரிக்கும் நல்ல நியாயந் தேடுவர். மூன்றாவது, பிறப்பு, உடற்குறை, வறுமை, இழவு என்னும் நான்கனையும் தொட்ட சொல் எத்துணைக் கூரியதாயினும் அதற்குப் புள்ளியில்லை. அவை நகைத்தாலும் நடுவன் நகைத்தலாகாது. பிள்ளைகள் சொல்லைக் கற்பது நம் வாயினின்று மாத்திரமன்று. நாம் எதற்கு நகைக்கின்றோம் என்பதனைப் பார்த்தே அச்சொல்லின் விலையை அறிகின்றனர்.

நாவன்மையை வளர்ப்போமாக, அதனோடு, தோற்றவன் கையைப் பிடித்து எழுப்பும் பண்பையும் வளர்ப்போமாக. பாலாவிக் கரையிலே கௌரியம்மையோடு எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரப் பெருமான், நம் பிள்ளைகள் நாவிலே நல்ல சொல்லையும், பேசமாட்டாதார்க்குப் பேசும் வாயையும் தந்தருள்வாராக.